அப்பா அடித்த மூன்று புள்ளிகள்

எங்கள் அப்பா கர்த்தருக்குள் இளைப்பாறப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் அன்பு வணக்கம். அப்பா இருந்திருந்தால் பக்கங்களை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் இதை வாங்கியிருப்பார். யாரையும் எதையும் சரிபார்க்காமல் நம்பாதவர் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். மகள் எழுதும்போது அதை மறைத்தால் யாரும் நம்பப் போவதில்லை.

சோளிங்கருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனை இழந்தார். எழுதப் படிக்கத் தெரியாத தாயிடம் சொந்தக்காரர்களே கைநாட்டு வாங்கி நிலத்தை எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்லுவார். அவர்களுடைய பிள்ளைகளான நீங்களும் இதைப் படிப்பீர்கள். உங்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அன்று அப்பாவைப் பிடித்த சந்தேகம் கடைசிவரை விடவில்லை.

ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே உழைத்தார். அங்கே பல பேருடைய தோல்கள் ஒரே டிரம்மில் சுழலும். கலந்துவிடாமல் இருக்க, ஊறப்போடும் முன்பே ஒவ்வொரு தோலிலும் வால் பக்க ஓரத்தில் உரியவரின் குறியைத் துளையாக அடித்துவிடுவார்கள். முடி உதிர்ந்து, நிறம் மாறி, வேறு பொருளாகவே வெளியே வந்தாலும் அந்தத் துளை அப்படியே இருக்கும். மனிதர்களைவிட அந்தத் துளையைத்தான் அப்பா நம்பினார். வீட்டுக்கும் அதே வழக்கத்தைக் கொண்டுவந்தார். குக்கர் மூடி, என் டிபன் பாக்ஸ், கூடத்து இரும்பு நாற்காலிகளின் சட்டம் என்று எல்லாவற்றிலும் சென்டர் பஞ்ச் என்கிற கூர்முனை உளியால் வரிசையாக மூன்று புள்ளிகள் அடித்துவைப்பார். “நல்ல வேள, என் நெத்தியில அடிக்கல” என்று அம்மா கேலி செய்வார்.

ஓய்வு பெற்றபோது முதலாளி அவருக்கு ஒரு பழைய சீமை காரைக் கொடுத்தார். கூரையை மடித்துவிட்டுத் திறந்தபடி ஓட்டும் கார். உப்பிட்ட தோல்களை அடுக்கும் கொட்டகையில் வருடக்கணக்காகக் கிடந்ததால் காரின் அடிச்சட்டமான ஷாஸியை உப்பு அரித்துத் தின்றிருந்தது. எஞ்சின் எண் பொறித்த தகடுகூட மிஞ்சவில்லை. அப்பா இரண்டு வருடம் அந்த ஷாஸியே கதியென்று கிடந்தார். துருவைச் சுரண்டி, அரித்த இடங்களை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டு அடித்தார். தன் வேலையையே நம்பாமல், மூலைக்கு மூலை நூல் பிடித்து அளந்தும் பார்ப்பார். கழற்றிய போல்ட்டுகளை டப்பாவில் போட்டுப் பூட்டி, சாவியை அரைஞாணில் கட்டிக்கொள்வார். யார் திருடப் போகிறார்கள் என்று கேட்டால், “திருடுறவன் சொல்லிட்டா வர்றான்?” என்பார்.

எஞ்சின் பிளாக்கின் தேய்ந்த சிலிண்டர்களைக் கடைந்து போரிங் போட வேண்டியிருந்தது. ஆம்பூரில் பட்டறை வைத்திருக்கும் என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி, அதை எடுத்துப்போனார். கொடுக்கும் முன், தோலுக்கு அடிக்கிற வழக்கப்படியே, பிளாக்கின் பின்பக்க ஓரத்தில் அப்பா ரகசியமாகத் தன் மூன்று புள்ளிகளை அடித்துவைத்தார். ஒரு மாதம் கழித்து பிளாக் திரும்பி வந்தது. பளபளவென்று சாம்பல் பெயின்ட் அடித்திருந்தது. அப்பா பின்பக்க ஓரத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

“மச்சான், இது என்னுது தானா?”

“இன்னா மாமா, இப்டி கேக்குறீங்க?” அக்காள் கணவர் என்பதால் அப்பாவை அவர் மாமா என்றுதான் அழைப்பார்.

“மூணு புள்ளி வச்சிருந்தேன். காணோம். யாரு உன்ன பெயின்ட் அடிக்கச் சொன்னது?”

மாமாவின் முகம் சிவந்துவிட்டது. “என் மேலயே சந்தேகமா? அப்ப இனிமே நான் இங்க வர்றதுல அர்த்தமில்ல” என்று எழுந்து போனார். அம்மா டீ டம்ளருடன் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

அதோடு, அப்பா இறக்கும்வரை எட்டு வருடம், மாமாவுடன் போக்குவரத்து நின்றது. நல்ல பிளாக்கை மாமா வேறு யாருக்கோ மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று அப்பா முடிவு கட்டினார். நானும் நம்பினேன். என் கல்யாணத்துக்கு மாமாவை அழைக்கவில்லை. தாய்மாமன் தரவேண்டிய புடவையை அம்மா தானே கடையில் எடுத்துவந்து, கேட்டவர்களிடமெல்லாம் தம்பி கொடுத்தனுப்பியது என்று சொன்னார்.

அப்பாவிடம் இன்னொரு குணமும் இருந்தது. அந்த பிளாக்கை அவர் காரில் பொருத்தவேயில்லை. பிறர் பொருள் என்று கிரீஸ் தடவி, சாக்கில் சுற்றி வைத்திருந்தார். கார் எஞ்சின் இல்லாமலே நின்றது. வேலூரில் நான் நர்ஸாக வேலை செய்யும் மருத்துவமனையில்தான் அவருடைய கடைசி நாட்கள் கழிந்தன. நான் கொடுத்த மாத்திரையைக்கூட அட்டையைப் படித்துவிட்டுத்தான் விழுங்குவார். ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அந்த பிளாக் யாருதோம்மா. தேடிக் குடுத்துடு. நமக்கு அந்தப் பாவம் வேணாம்” என்றார்.

அடக்கத்தன்று மாமா கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். நான் போய், “இப்ப எதுக்கு வந்தீங்க?” என்று கேட்டேன். அவர் திரும்பி நடந்தார். அம்மா அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ஆறு மாதம் கழித்து, அப்பாவின் சொல்லை நிறைவேற்ற பிளாக்கை மாமாவின் பட்டறைக்கே அனுப்பி, உரியவரிடம் சேர்க்கச் சொல்ல நினைத்தேன். நானும் அப்பாவின் மகள்தானே? இது தன் பட்டறைக்கு வந்ததே இல்லை என்று மாமா சொல்லிவிட்டால்? எதற்கும் அடையாளங்களைப் போட்டோ எடுத்து வைப்போம் என்று மண்ணெண்ணெய் ஊற்றிப் பெயின்டைச் சுரண்டினேன். பின்பக்க ஓரத்தில் பித்தளை நிறத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கோடு தெரிந்தது. வெடிப்பைப் பித்தளை வைத்து அடைத்து, மட்டமாகத் தேய்த்திருந்தார்கள். அந்தக் கோட்டின் முனையில், பாதி பித்தளைக்கு அடியிலும் பாதி வெளியிலுமாக ஒரு புள்ளி இருந்தது. மற்ற இரண்டும் பித்தளைக்குள் மூடிப்போயிருந்தன; அது எங்கள் பிளாக்கேதான். உடனே மாமாவுக்குப் போன் செய்தேன்.

“உப்பு தின்னு வெடிச்சிருந்துச்சு பாப்பா” என்றார். “சொன்னா உங்கப்பா வண்டிய அதோட உட்டுடுவாரு. ரெண்டு வருஷமா அது மேலயே உசுர வச்சிருந்தாரு. அதான் அடைச்சுட்டு பெயின்ட் அடிச்சேன். அவர் வச்ச புள்ளிய நான் கவனிக்கல.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மாமா?”

“திருடனப் பாக்குற மாதிரி பாத்தாரு. அப்புறம் எப்டி சொல்றது?” என்று வைத்துவிட்டார். இன்றுவரை அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

அப்பாவைக் கவனித்த மருத்துவர்களுக்கும், உடன் வேலை செய்த செவிலியருக்கும், ஜெபித்த சபையாருக்கும், பெட்டியைச் சுமந்த தொழிற்சாலை நண்பர்களுக்கும் எங்கள் நன்றி. எல்லோரையும்விட முதலில் நன்றி சொல்லியிருக்க வேண்டியது மாமாவுக்குத்தான். அப்பா இருந்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகமே. அந்த அரைப் புள்ளியை எப்போது அடித்தாய் என்று மாமாவிடமே திருப்பிக் கேட்டிருப்பார். ஆகவே அவருக்காகவும் எனக்காகவும், சொந்தபந்தம் அத்தனை பேரும் அறிய நான் கேட்கிறேன். மாமா, எங்களை மன்னித்துவிடுங்கள்.

இந்த மலரின் முதல் பிரதியை அம்மாவே ஆம்பூருக்குக் கொண்டுவருகிறார். ஓராண்டு நினைவு ஸ்தோத்திர ஜெபத்தன்று கூடம் நிறைய வாடகை நாற்காலிகள் போட்டிருப்போம். அம்மாவுக்குப் பக்கத்தில் மட்டும் பழைய இரும்பு நாற்காலி ஒன்று இருக்கும். வேறு யாரும் அதில் உட்கார வேண்டாம். மாமா, உட்காரும் முன் அதன் சட்டத்துக்கு அடியில் தடவிப் பாருங்கள். மூன்று புள்ளிகளும் முழுதாக இருக்கும்.