டேப் விற்காத ஐயாயிரம் பங்குகள்

2011 மார்ச் 14 – 3,10,000
2012 ஆகஸ்ட் 3 – 2,05,000
2013 ஜூன் 20 – 85,000
2014 பிப்ரவரி 6 – 15,000

இவை என் தங்கை கணவரிடம் இருந்த ஐயாயிரம் பங்குகளின் மதிப்பு. அவர் வேலை பார்த்த பொம்மைக் கம்பெனியின் பங்குகள். குடியிருந்த வாடகை வீட்டையே விலைக்கு வாங்கச் சேர்த்த பணத்தில் வாங்கினார். விலை இரட்டித்தால் கடனில்லாமல் வீடு கைக்கு வரும் என்பது அவர் கணக்கு.

அங்கே அவர் பேக்கிங் மேஸ்திரி. பெட்டியை ஒட்டியதும் டேப்பின் நுனியை முக்கோணமாக மடித்துவிடுவார். பிரிப்பவர் நகத்தால் சுரண்ட வேண்டியதில்லை. வேறு யாருக்கும் அந்தப் பொறுமை கிடையாது. அதனால் எல்லாரும் அவரை ‘டேப்’ என்றே கூப்பிட்டார்கள்.

“சம்பளமும் அங்க, சேமிப்பும் அங்கயா மாப்பிள்ளை?” என்று கேட்டேன்.

“வருஷக் கணக்கு முடியுறப்ப எங்க கேட்டுல வந்து நின்னு பாருங்க மச்சான். லாரி நிக்க இடம் இருக்காது.”

2012 ஆகஸ்டில் பங்குதாரர் கூட்டம். உள்ளே நுழைவதற்காகவே நான் பத்துப் பங்கு வாங்கியிருந்தேன். ஒரு மருந்துக்கடைக்காரர் எழுந்தார்.

“விற்பனை ஏறுதுன்னு போட்டிருக்கீங்க. வரவேண்டிய பாக்கி அதைவிட வேகமா ஏறுது. வித்த பொம்மையெல்லாம் எந்தப் புள்ள கையில இருக்கு? இல்ல, நீங்க செய்யுற பொம்மை ரயில் மாதிரி சுத்திச் சுத்தி இங்கயே வருதா?”

கூட்டம் சிரித்தது. முதலாளி தண்ணீர் குடித்தார். டேப் எழுந்து நின்றார்.

“ஐயா, ஒவ்வொரு பெட்டியும் என் கையால ஒட்டி லாரியில ஏத்தினது. சுத்தி வரல. போயிருக்கு.”

கைதட்டினார்கள். பங்கை விற்றுவிட நினைத்திருந்த தொழிலாளர்கள் பலர் அந்தப் பேச்சை நம்பி மனம் மாறினார்கள்.

அடுத்த மாதம் அவசர ஆர்டர் ஒன்றுக்காக, அவர் அதுவரை போயிராத வெளிக்கிடங்கிலிருந்து சரக்கு எடுத்துவர அனுப்பினார்கள். அங்கிருந்த பெட்டிகளில் டேப்புக்கு மேல் இன்னொரு டேப். அடியில் இருந்ததன் நுனியில் முக்கோணம். கணக்கு முடிக்குமுன் விற்றதாகக் காட்டி அனுப்பியவை, திரும்பி வந்து, அடுத்த வருடத்துக்குக் காத்திருந்தன.

அன்று மாலையே என்னிடம் வந்தார்.

“உடனே வித்துடுங்க. பாதியாவது தேறும்” என்றேன்.

“நான் எப்படி விக்கிறது? என் வாயை நம்பித்தானே பசங்க வச்சிருக்காங்க.”

“அப்ப அவங்ககிட்ட உண்மையைச் சொல்லுங்க.”

“சொன்னா நாளைக்கே எல்லாரும் விப்பாங்க. கம்பெனி படுத்துரும். எண்பது பேருக்கு யாரு சம்பளம் குடுப்பா? நீங்களே சொல்லுங்க.”



2013 ஜூனில் வீட்டுக்காரர் வீட்டை வேறொருவருக்கு விற்றார். சாமான்களைக் கட்டும்போது தங்கை, “இதுலயாவது உங்க மாப்பிள்ளை கெட்டிக்காரரு அண்ணா. ஒரு டம்ளர்கூட உடையாது” என்றாள். அவரைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னாள். அவர் தலை நிமிரவில்லை.

மறு பிப்ரவரியில் கம்பெனி மூடப்பட்டது. டீக்கடையில் பழைய ஆள் ஒருவன், “என்ன டேப், போன பெட்டியெல்லாம் சௌக்கியமா?” என்று கேட்டான். அதன்பின் அவர் அந்தத் தெருவழியே நடக்கவில்லை.

கட்டடத்தையும் இயந்திரங்களையும் விற்று, கடன்காரர்களுக்குக் கொடுத்தது போக மீந்தால் பங்குதாரர்களுக்கு வரும் என்றார்கள். தபால்காரர் வரும் நேரத்துக்கு அவர் வாசலிலேயே நிற்பார். பங்குதாரர்களுக்குக் கொடுக்க எதுவும் மீதமில்லை என்று ஒரே வரியில் சொன்ன கடைசிக் கடிதம் வந்தது 2016 செப்டம்பர் 20, செவ்வாய்க்கிழமை.