மூன்றாவது கையெழுத்து

சுப்பையன் எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் ஓடுகிற மோட்டாரின் முதுகில் உள்ளங்கையை வைப்பார். வணக்கமெல்லாம் அதற்குப் பிறகுதான். எட்டு வருடமாகப் பார்க்கிறேன். எங்கள் வீட்டுக்கு வந்தாலும் ஃப்ரிட்ஜின் பக்கவாட்டைத் தொட்டுவிட்டு, "செவுத்த ஒட்டி வெச்சா அது எங்க போயி மூச்சு வுடுமுங்க?" என்பார்.

அனுப்பர்பாளையத்தில் என் அம்மா செக்கிங் பார்க்கும் பனியன் கம்பெனியில் அவர் எலக்ட்ரீஷியன். பழைய மோட்டார்களை மாற்றினார். கம்ப்ரசர் குழாயில் காற்றுக் கசியும் இடங்களைச் சோப்பு நுரை தடவித் தேடி அடைத்தார். கரண்டு பில் குறைந்தது, போதவில்லை. மாடியில் சோலார் போட முடியாவிட்டால் கம்பெனியை மூடிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். அம்மாவோடு சேர்த்து இருபத்திரண்டு பேரின் வேலை.

கடன் தர வங்கி தயார். ஆனால் கம்பெனி இருப்பது வாடகைக் கட்டடம். மின் இணைப்போ, பதினோரு வருடம் முன் இறந்துபோன கட்டடச் சொந்தக்காரர் பெயரில். பெயர் மாற்றாமல் விண்ணப்பிக்க முடியாது. பெயர் மாற்ற எல்லா வாரிசுகளும் கையெழுத்திட வேண்டும்.

"பேனலுக்கு வெயில் போதுமுங்க. ஆபீசுக்குத்தான் செத்தவரு எந்திரிச்சு வரோணும்" என்றார் சுப்பையன்.

வாடகை வாங்கும் மகன்கள் இருவரும் உடனே போட்டுவிட்டார்கள். பொங்கலூரில் இருக்கும் மகள் மருதாள், படிவத்தோடு போன சுப்பையனிடம் மறுத்தார். கட்டடத்தில் அவருக்குப் பங்கில்லை. வாரிசுச் சான்றிதழில் பெயர் மட்டும் உண்டு.

"அப்பன் காரியத்தன்னிக்கும் இப்படித்தான் ஒரு காயிதத்த நீட்டுனாங்க. ரெண்டு ஏக்கரா போச்சு. நீ போ தம்பி."

சுப்பையன் வாதாடவில்லை. அடுத்த வாரமும் போனார். நான்காம் முறை, படிவத்தைப் படித்துக் காட்ட என்னையும் கூட்டிப்போனார். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். மருதாள் கேட்ட மூன்று கேள்விகளில் ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை.

"படிச்ச கண்ணுக்கே தெரியலியாமா, நான் எப்படிப் போடறது?" என்று சிரித்தார்.

சுப்பையன் தெரிந்ததைச் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார். அதனால்தானோ என்னவோ, மருதாள் பேனாவை வாங்கினார். ஆனால் ஒன்று கேட்டார்.

"எனக்கு மிச்சமிருக்கற ஒரு ஏக்கராவுக்குத் தண்ணி வுடறதுக்கு அண்ணன் வந்து மோட்டாரு போடோணும். பொதுக் கெணறு, கரண்டு மட்டும் அவங்க பேருல. அதுல என்ற பேரச் சேத்திக் குடு."

"சேத்தித் தாறனுங்கக்கா."

மருதாள் கையெழுத்திட்டார். இப்போது மாடியில் சோலார் ஓடுகிறது. அம்மாவின் சம்பளத்தில்தான் நான் இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். சுப்பையனுக்கு நன்றி சொன்னபோது, "அக்காகிட்டச் சொல்லு கண்ணு" என்றார்.

கிணற்று இணைப்புக்கு அண்ணன்களின் சம்மதக் கையெழுத்து வேண்டும். வாடகைக்காக உடனே எழுதிய கைகள் இதற்கு அசையவில்லை. ஒன்றரை வருடமாகச் சுப்பையன் அவர்கள் வாசலுக்குப் போய் வருகிறார்.

காய்க்கிற மாதங்களில் மருதாள் பஸ்ஸில் ஒரு கட்டு முருங்கைக்காய் கொடுத்தனுப்புவார். சுப்பையன் அதைச் செக்கிங் மேசையில் பிரித்து எல்லோருக்கும் பங்கு வைப்பார், தனக்கு எடுத்துக்கொள்ள மாட்டார். போன வாரம் அம்மா இரண்டு காய்களை அவருடைய வண்டிப் பையில் செருகினார். கேட் வரை போனவர் திரும்பி வந்தார். இரண்டையும் எடுத்து மேசையில் வைத்துவிட்டு, மருதாளின் அண்ணன்கள் வீட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பினார்.