எடை பார்த்த பிறகு

ராஜா அண்ணாமலைபுரத்து இளநீர் வண்டியருகே ஒருவரைப் பார்த்தேன். ஒட்டிய கன்னம், வெடித்த உதடு. மாலைக் குத்துச்சண்டைக்கு அறுபது கிலோ பிரிவில் நிற்பதற்காகத் தண்ணீரைக்கூடக் குறைத்து, அப்போதுதான் எடை பார்த்துவிட்டு வந்திருந்தார். பக்கத்தில் மடமடவென்று குடித்த இன்னொருவரைத் தடுத்தார்.

“மெதுவா மச்சி, வாந்தி வந்துடும். உப்பு போட்டுக்கினு கொஞ்சம் கொஞ்சமா குடி.”

“நண்பரா?” என்றேன்.

“சாயங்காலம் இவன்கூடதான் சார் சண்டை.”

“அவருக்குத் தெம்பு வந்தால் அடி உங்களுக்குத்தானே?”

“வாங்கிக்கினாத்தான் இன்னா? போன தபா ஒருத்தன் என் மொத குத்துலயே வுழுந்தான். எல்லாரும் கை தட்டினாங்க. காஞ்சி கெடந்தவன் சார் அவன். என் குத்துல வுழுந்தானா, தாகத்துல வுழுந்தானான்னு இன்னும் தெரியல.”

மாலையில் யார் வென்றார்களோ, எனக்குத் தெரியாது. தன் கையின் பலம் எவ்வளவு என்று அவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.