மூன்று குத்துச் சஹன்

அன்று அந்தக் குசினியில் நான்கு பேர் இருந்தோம்: நான், என் மகள், மகளின் மாமியார், அவருடைய தம்பி. மாமியாரை நான் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். மற்றவர்கள் முன்னால் பாயில் இருந்து கத்தம் ஓதிக்கொண்டிருந்தார்கள். சுனாமியில் கடலோடு போனவர்களுக்காக அந்த வீட்டில் வருஷாவருஷம் ஓதுவார்கள். நான் அதுவரை எந்த வீட்டுக் கத்தத்துக்கும் போனதில்லை. அந்த நாள் வந்தால் கதவைச் சாத்திவிட்டு, அடுப்பு அணைந்திருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பேன். இந்த வருஷம் கூப்பிட்டது புதுச் சம்பந்த வீடு. போகாமல் முடியவில்லை.

சோறு போடுவதற்காகச் சஹன்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய தட்டுகள். எல்லாம் அலுமினியம், ஒன்று மட்டும் பித்தளை. அதன் அடியில் மூன்று ஆணிக் குத்தும் ஒரு பிறையும்.

எங்கள் ஊர்களில் கலியாணம், கந்தூரி என்றால் பாத்திரங்கள் வீடு வீடாகப் போய்வரும். மாறிவிடாதபடி எழுத்து வெட்டி வைப்பார்கள். உம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. எனக்கே எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. எழுத்துக்குப் பதிலாக அந்தக் குத்துகளையும் பிறையையும் உம்மா தன் கையால் போட்டார். அவருக்குச் சீதனமாக வந்த சஹன்; மூத்தவளான எனக்கு வரவேண்டியது.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன உம்மா, பிரசர் கூடிட்டா?" என்றாள் மகள்.

கடல் வந்த காலையில் நான் அக்கரைப்பற்றில் ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தேன். உம்மா கிணற்றடியில் அந்தச் சஹனை விளக்கிக்கொண்டிருந்தாராம். அடக்கம் செய்ய அவருடைய மையித்தும் கிடைக்கவில்லை. ஓடியவர் சஹனை எடுக்கத் திரும்பிப் போனார் என்று ஊரில் ஒரு பேச்சு வந்தது. யார் முதலில் சொன்னது என்று இன்றுவரை தெரியாது. ஒரு தட்டுக்காக உம்மா மௌத்தானாரா? எனக்கு வரவேண்டிய தட்டு என்பதற்காகவா? இத்தனை வருஷமும் இதையே போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன்.

"ராத்தா, இது எங்கால வந்த?"

அவர் சஹனையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"நீயா கா இதுக்குச் சொந்தக்காரி? இவ்வளவு காலமும் எங்க கா இருந்த? ஆராவது அடையாளத்தப் பாப்பாங்க எண்டு ஒவ்வொரு கத்தத்துக்கும் இதக் கவுத்தி வைக்கிறன்."

ராத்தாவின் கணவரும் அன்று கடலில் போனவர்தான். அதனால் ராத்தா இத்தாவில் இருந்தார். அந்த நாலு மாதமும் பத்து நாளும் முடியும்வரை வெளியே வரக்கூடாது. காணாமல்போன தன் பித்தளைச் சஹனைத் தேடத் தம்பியை அனுப்பினார்.

"ஆம்பிளைக்கு எந்தப் பாத்திரம் தெரியும்? மஞ்சளாக் கிடந்தத தூக்கிட்டு வந்திட்டான்."

"சஹன் எண்டா சஹன்தானே ராத்தா" என்றார் தம்பி.

"ஓம். பொஞ்சாதி எண்டா பொஞ்சாதிதானே எண்டு வேற ஊட்டுப் புள்ளயையும் கூட்டிட்டு வருவாய்."

மகள் சிரித்துவிட்டாள். நான் தம்பியின் பக்கம் திரும்பினேன்.

"காக்கா, இது எங்க கிடந்த?"

"ஒரு கிணத்துல. உப்புத்தண்ணி இறைக்க எங்களக் கூட்டிட்டுப் போனாங்க. அடியில கிடந்த. ஆர்ட சாமான ஆர்ட வளவுல கடல் போட்டிச்சோ, ராத்தாடதுதான் எண்டு நினைச்சன்."

"எந்தக் கிணறு?"

"ஊடு இல்ல, கிணறு மட்டும்தான். நீலம் அடிச்ச கட்டு. மேல உடைஞ்ச கோப்பைத் துண்டு பதிச்சிருந்த."

அந்தத் துண்டுகளை ஈரச் சீமெந்தில் பதித்தது நானும் உம்மாவும்.

அப்படியென்றால் சஹன் எங்கள் கிணற்றடியை விட்டு எங்கும் போகவில்லை. உம்மா அதைப் போட்டுவிட்டுத்தான் ஓடியிருக்கிறார். வெறுங்கையோடு. நான் அங்கேயே பலகையில் இருந்து அழுதேன். முன்னால் பாத்திஹா ஓதும் சத்தம் கேட்டது. முதல்தடவையாக உம்மாவுக்கென்று நானும் கையேந்தினேன்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே மனம் வேறு பக்கம் இழுத்தது. திரும்பி வந்து எடுக்கும்போது கைதவறி விழுந்திருந்தால்?

"எடுக்க வந்தவ கிணத்துக்குள்ளயா உம்மா போடுவா? மறுகா தொடங்காதங்க" என்றாள் மகள்.

அவள் சொல்வதை நம்பத்தான் பார்க்கிறேன். சில நாள் முழுதாக நம்பிவிடுகிறேன்.

அன்று சஹனைத் தரும்போதே ராத்தா சொல்லியிருந்தார்: "வெடிப்புக்குப் பத்து வச்சு அடைச்சு, ஈயம் பூசினது ஆறாயிரம். அதத் தந்திட்டு எடு. சும்மா தந்தா நீ நித்திரை கொள்ள மாட்டாய்."

கையில் இருந்ததைக் கொடுத்தேன். பிறகு மகளிடம் கொஞ்சம் கொடுத்தனுப்பினேன். மிச்சத்தைக் கொண்டுபோனபோது ராத்தா வாங்கவில்லை. "அடுத்த கத்தத்துக்கு வா, அப்ப வாங்குறன்" என்று என் கையை மடக்கிவிட்டார். அதற்குள் எனக்கு ஏதும் ஆகிவிட்டால்? கடனோடு போகக்கூடாது. வெளியே இறங்கும்போதெல்லாம் மகளிடம் சொல்லிவைக்கிறேன்: ராத்தாவுக்கு இன்னும் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.