"யாரால போறே?" என்று கேட்ட அக்கா

தங்கபுஷ்பம் அக்கா இறந்துபோய்விட்டார் என்று ஜெசிந்தா நம் பழைய ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டபோது, என் மேசையில் ஒரு ராஜினாமாக் கடிதம் கிடந்தது. கிரேன் ஓட்டும் சேவியர் கொடுத்தது. அவர் எதிரிலேயே நின்றார். தலையைத் தூக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, செய்தியை மறுபடி படித்தேன்.

துறைமுகத்துக்கு வெளியே இருக்கும் நம் கண்டெய்னர் யார்டில் அக்கா பதினோரு வருடம் மேலாளர். அவர் இருந்தவரை யாரும் வேலையை விட்டதில்லை என்றால் வெளியாட்கள் நம்ப மாட்டார்கள். கூட வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும். கடிதத்தோடு போனால் வாங்கவே மாட்டார். "எதுக்குப் போறேன்னு நான் கேக்கல. யாரால போறே, அதச் சொல்லு" என்பார்.

ஒருமுறை இசக்கி, "உங்களாலதான்க்கா" என்று சொல்லிவிட்டான். முந்தின நாள் லாரி டிரைவர்கள் முன்னால் அவனை வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு நேரே வாசலுக்குப் போய், அதே டிரைவர்களைக் கூப்பிட்டார். "நேத்து இவன ஏசுனேன்லா, தப்பு எம்மேலதான்" என்றார். இசக்கிக்குத்தான் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கடிதம் அவன் சட்டைப்பையிலேயே வேர்வையில் ஊறிப்போனது.

அப்புறம்தான் அந்த இறால் கண்டெய்னர். அதில் பாதிக் கதைதான் உங்களுக்குத் தெரியும்.

ஏற்றுமதிக்கு வந்த குளிர்பதனப் பெட்டி அது. மின்சார வயரைச் செருகி, உள்ளே குளிர் எவ்வளவு என்று சில மணிக்கொருமுறை போய்ப் பார்த்துத் தாளில் எழுத வேண்டும். அந்த வாரம் நாம் மாறி மாறி எழுதினோம். அந்தப் பெட்டிக்கு எழுதியவன் நான். நல்ல மழை. நனையச் சோம்பல்பட்டு, நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் இரண்டு நாளும் மைனஸ் பதினெட்டு, மைனஸ் பதினெட்டு என்று எழுதிவைத்தேன். வயரை யாரும் செருகவே இல்லை. மூன்றாம் நாள் நாற்றம் வந்தபிறகுதான் தெரிந்தது.

தாளில் என் பெயர் கிடையாது. முதலாளி கேட்டபோது அக்கா, "அடியில கெடக்கது என் கையெழுத்து. பாக்காமப் போட்டது நான்தான்" என்றார். அன்றைக்கே அவரை அனுப்பிவிட்டார்கள். சோற்றுப் பையோடு வெளியே போகும்போது என்னருகில் நின்றார். "உன் எழுத்து எனக்குத் தெரியாதால? நான் சொல்ல மாட்டேன். சொல்லணும்னா நீயே போய்ச் சொல்லு."

நான் சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று ஏழு வருடம் போய்விட்டது.

அக்காவுக்குப் பிறகு வந்த புது மேலாளர் வாயைத் திறந்தால், "கேட் தொறந்துதான் கெடக்கு, போறவன் போலாம்" என்பார். முதலில் இசக்கி போனான், பிறகு ஜெசிந்தா. ஒவ்வொருவராக ஆறு பேரும் போனீர்கள். நான் மட்டும் போகவில்லை. புது இடத்தில் யாராவது பழைய கதையைக் கிளறுவார்களோ என்ற பயம். முதலாளி அதை விசுவாசம் என்று நினைத்து, அந்தப் புது மேலாளருக்குப் பிறகு அக்காவின் நாற்காலியை எனக்கே கொடுத்தார்.

அதில் உட்கார்ந்தால் நாள் முழுக்கக் குளிர்பெட்டிகளின் இரைச்சல் கேட்கும். கரண்ட் போய் அது நின்றால் எழுந்து ஓடுகிறேன். ஒன்றும் கெட்டிருக்காது. ஆனாலும் அந்த நாற்றம் மூக்கில் ஏறுகிறது. வீட்டில் இறால் வாங்க விடுவதில்லை. மனைவிக்குக் காரணம் தெரியாது.

அடக்கத்தன்று இசக்கி என் கையைப் பிடித்து அழுதான். "நீயாவது அங்கன இருந்து அக்கா பேரக் காப்பாத்துதியே" என்றான். நான் தலையாட்டினேன். ஆமாம், அக்காவின் தலைமாட்டில் நின்றுகொண்டு தலையாட்டினேன்.

மறுநாள் சேவியரைக் கூப்பிட்டு, அக்கா கேட்டது போலவே, "யாரால போறீங்க?" என்று கேட்டேன்.

"ஒங்களாலதான் சார்" என்றார் அமைதியாக. "ஒரு தப்பு நடந்தா, மொதல்ல யாரு செஞ்சான்னுதான் கேக்கீய."

அக்காவைப் போல வாசலுக்குப் போய், எல்லார் முன்னாலும் தப்பு என்மேல்தான் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அதனால்தான் நம் குழுவில் இதை எழுதுகிறேன். அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அந்த ஒரு கேள்வி மட்டும்தான். இதைப் படித்ததும் நீங்கள் ஒவ்வொருவராக இந்தக் குழுவை விட்டும் போய்விடுவீர்கள். யாரால் என்று நான் கேட்க மாட்டேன்.