மலைக்குப் போக இரண்டு பாஸ்

என் மனைவி திருவனந்தபுரம் தம்பானூரில் ஒரு லாட்ஜில் துணி துவைக்கும் வேலை பார்க்கிறாள். துவைப்பதை மெஷின் செய்துவிடும். ஈர விரிப்புகளை ஐந்தாவது மாடிக்குச் சுமந்து போய் உலர்த்துவதும், காய்ந்ததைச் சுமந்து இறக்குவதும் அவள் வேலை. மழை விட்ட மறுநாள் காலையில் அந்த மொட்டைமாடியில் நின்றால் கிழக்கே நீலமாக ஒரு கூர் தெரியும். அகத்தியர்கூடம். மலைக்கு அந்தப் பக்கம், நாங்கள் பிறந்த அம்பாசமுத்திரத்தில், அதையே பொதிகை என்போம். ஊரில் இருந்தவரை அவள் அதை நிமிர்ந்து பார்த்ததாக எனக்கு நினைவில்லை. இங்கே பதினொரு வருஷம் விரிப்புகளுக்கு இடையில் நின்று பார்த்த பிறகுதான் ஆசை வந்தது.

ஆசையைக் கிளப்பிவிட்டது காலுறைகள். ஜனவரி பிறந்தால் மலையேறுகிறவர்கள் அந்த லாட்ஜில் வந்து தங்குவார்கள். மூன்றாம் நாள் நொண்டிக்கொண்டே திரும்பி வந்து சேற்றுத் துணிகளைப் போடுவார்கள். அட்டை கடித்த ரத்தம் காய்ந்த காலுறைகளைச் சோப்பில் ஊறவைத்தபடி அவள் கதை கேட்பாள். ஒரு வருஷம், தலை நரைத்த ஒரு டீச்சர் போய்விட்டு வந்து, "சேச்சிக்கும் போகாம். இப்போ ஸ்த்ரீகளையும் விடும்" என்று, பெண்களும் போகலாம் என்பதைச் சொல்லியிருக்கிறார். அன்று மாலை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும் முன்னே இவள் சொன்னாள்.

"ஏங்க, நாம ரெண்டு பேரும் போவோம்."



நான் சாலைக் கடைத்தெருவில் கயிறும் ஆணியும் சங்கிலியும் விற்கும் கடையில் நிற்கிறேன். படிப்பு ஏழாவதோடு நின்றது. பயம் எனக்குப் பசி மாதிரி, நேரத்துக்கு வந்துவிடும். கேஸை அடைத்தோமா என்று பார்க்க பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்திருக்கிறேன், ஒருதரம் அல்ல. கடையில் விஷயம் தெரிந்ததும் நிறுவைக்காரர் எல்லோர் முன்னிலும் ஆரம்பித்துவிட்டார்.

"ஸ்டேஷன் பாலத்துல கைப்பிடியை விடாம நடக்கிற ஆளு, பொதிகைக்குப் போறாராம்! மலைக்கு கைப்பிடி வெச்சாச்சா வே?"

கைப்பிடி இருக்கிறது, அதுதான் என் பயமே. உச்சிக்குக் கீழே பாறையில் கயிறு கட்டியிருப்பார்களாம், அதைப் பிடித்துத்தான் ஏற வேண்டுமாம். வெயிலும் மழையும் தின்ற கயிறு மேலே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். உள்ளே புரி நைந்திருக்கும். இருபத்தைந்து வருஷமாகக் கயிற்றை முழம் போடுகிற கை இது. மலையில் இருக்கிற கயிற்றை நான் பார்த்ததில்லை, அது புதிதாகக்கூட இருக்கலாம். ஆனாலும் சோற்றில் கைவைக்கும்போதெல்லாம் அவள் அதைப் பிடித்துத் தொங்குகிற மாதிரியே தெரியும்.

திட்டம் போடுவது என் பொறுப்பு என்று அவளே ஒப்படைத்தாள். "நீங்கதான் எல்லாத்தையும் யோசிப்பீங்க" என்றாள், கேலியில்லாமல். பழைய பில் புத்தகத்தின் பின்பக்கங்களில் எழுதினேன். மலையடிவாரத்துப் போணக்காட்டுக்கு எந்த பஸ், அங்கிருந்து முகாமுக்கு எவ்வளவு நேரம், டார்ச், உப்பு, அவல், வேண்டிய மருந்து. அடுத்த பக்கத்தில் என்னவெல்லாம் நடக்கலாம் என்று எழுத ஆரம்பித்தேன். யானை. கரடி. ஆற்றில் திடீர் வெள்ளம். மூச்சு முட்டல். பாறை வழுக்கல். கயிறு. அந்தப் பக்கம் நிறைந்து இன்னொரு பக்கம் போயிற்று. ஒருநாள் அவள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல சிங்கத்தைக் காணலியே" என்று சிரித்தாள்.

அவள் மறுபக்கம் ஏற்பாடு செய்துகொண்டே போனாள். லாட்ஜில் கழித்துவிட்ட கனத்த திரைத்துணியில் அட்டை கடிக்காமலிருக்க முழங்கால் உயரத்துக்கு இரண்டு ஜோடி அட்டையுறை தைத்தாள். பிடிப்புள்ள ஷூ வாங்கினாள். வீட்டுக்குள்ளேயே அதைப் போட்டு நடந்து பழகினாள். பெட்ஷீட் கட்டுகளோடு மாடி ஏறுவதை முன்பு அலுத்துக்கொள்வாள். இப்போது வந்து, "இன்னைக்கு ஒம்பது தடவை" என்பாள், ஏதோ ஜெயித்த மாதிரி.

பாஸ் ஆன்லைனில்தான் கொடுப்பார்கள், திறந்த சில நிமிஷத்தில் தீர்ந்துவிடும். அந்தக் காலையில் இருவரும் லீவு சொல்லிவிட்டு, சாலைக் கடைத்தெருவுக்குள் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் கடையில் போய் உட்கார்ந்தோம். கடை நடத்துகிற பெண் எங்கள் விவரங்களை முன்பே அடித்துவைத்திருந்தாள். மணி ஆனதும் அவள் விரல் பறந்தது. இரண்டு இடம் கிடைத்துவிட்டது. என் மனைவி பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டாள்.

"பேங்கில்நின்னு ஓ.டி.பி வரும், அண்ணா. வேகம் பறயணும்."

எங்கள் கணக்கு என் நம்பரில் இருந்தது. சட்டைப் பையில் போன் நெஞ்சோடு ஒட்டி நடுங்கியது. எடுத்துப் பார்த்தேன். ஆறு எண்கள். வாயைத் திறந்தால் போதும்.

"வரலை" என்றேன்.

"ஒண்ணுகூடி விடாம்." மறுபடி அழுத்தினாள். மறுபடி நடுங்கியது. திரையில் விநாடிகள் குறைந்துகொண்டிருந்தன.

"ரேஞ்ச் இல்ல போல" என்று போனைத் தூக்கிக் காட்டினேன், திரை என் பக்கம் இருக்கும்படி. வாசல் வரை நடந்தும் வந்தேன்.

திரும்பி வந்தபோது திரையில் எல்லா நாளும் சிவப்பாகியிருந்தது. கடைக்காரப் பெண் உச்சுக்கொட்டி, "போயி, சேச்சீ" என்றாள்.

என் மனைவி சிறிது நேரம் அந்தச் சிவப்பையே பார்த்தாள். பிறகு, "செரி, அடுத்த வருஷம் பாப்போம்" என்று எழுந்தாள். வெளியே வந்ததும், மத்தியானமே வேலைக்கு வருவதாக லாட்ஜில் சொல்ல வேண்டும், தன் போனில் காசில்லை என்று என் போனை வாங்கினாள். கொஞ்சம் தள்ளிப் போய் நின்று பேசினாள். திருப்பித் தந்தாள். வீடு வரை எனக்கு முன்னால் நடந்தாள். ஏமாற்றம், ஆறிவிடும் என்று நினைத்தேன். அவள் வேலைக்குக் கிளம்பிப் போனதும் அந்த இரண்டு மெசேஜையும் அழித்தேன். அவளைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டேன். அன்று சோறு இறங்கியது என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

அந்த மழைக்காலத்தில் அவள் வலது கால் முட்டு வீங்கியது. எண்ணெய் தேய்த்தாள், பட்டை கட்டிக்கொண்டு ஏறினாள். வீக்கம் வடியும், பிறகு வரும். டிசம்பரில், மலைக்கு டாக்டர் சான்றிதழ் வேண்டுமே, அதற்குமுன் காட்டிவிடுவோம் என்று அவளே கூட்டிப் போனாள். டாக்டர் காலை மடக்கி நீட்டிப் பார்த்தார், எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

"மலையொக்கெ மறந்நுகள, சேச்சி. மாடிப்படி ஏறுந்நதே குறைக்கணும்."

"அடுத்த வருஷம் பற்றுமோ, சாரே?"

அவர் மாத்திரை எழுதினார்.

பஸ் ஸ்டாப்பில் நின்றோம். ஏதாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது.

"ஆண்டவன் நமக்கு எழுதலை போலிருக்கு, ஏளா."

அவள் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "ஆண்டவனை எதுக்கு இழுக்கீங்க? மெசேஜ் வந்துச்சுல்லா. ரெண்டு தடவை."

பக்கத்தில் யாரோ ஆட்டோவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எப்போ பாத்த?"

"அன்னைக்கே. போன் வாங்கினேன்லா."

"ஏன் என்கிட்ட கேக்கல?"

"கேட்டு? அதுக்கு ஒரு வருஷம் உறங்காமக் கெடப்பீங்க. பயந்துட்டாரு, அடுத்த தடவை லாட்ஜுல உள்ள பிள்ளையோட நம்பர்ல எடுத்துரலாம்னு இருந்தேன்." குனிந்து காலைத் தடவினாள். "முட்டு இப்படிப் பண்ணும்னு யாரு கண்டா."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது பேசியிருப்பேன். அவள் குரலில் கோபமில்லை. பஸ் வந்தது. ஏறும்போது நான் கை நீட்டினேன். அவள் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டாள்.

இப்போது அவளைக் கீழே துணி மடிக்கிற வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. தரை எப்போதும் ஈரம் என்பதால் அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். நல்ல பிடிப்பு என்கிறாள். அட்டையுறைகள் அலமாரியின் அடியில் இருக்கின்றன. பில் புத்தகத்தைக் கிழித்துப்போட நினைத்து, அதுவும் செய்யாமல் வைத்திருக்கிறேன். நான் எழுதிய பயங்களின் பட்டியலில் முட்டு இல்லை.

இந்த ஜனவரியிலும் ஆட்கள் வந்தார்கள், காலுறைகள் வந்தன. மொட்டைமாடிக்கு இப்போது வேறொரு பெண் போகிறாள். மழை விட்ட மறுநாள்களில் மலை தெரிந்ததா என்று என் மனைவி அவளிடம் கேட்டுக்கொள்வாள் போலிருக்கிறது. வீட்டுக்கு வந்து ஷூவின் நாடாவை அவிழ்த்தபடியே சில நாள் சொல்வாள்.

"இன்னைக்கு நல்லாத் தெரிஞ்சுதாம்."

மலைப் பேச்சை விட்டுவிட்டு, காலையில் கேஸை அடைத்தாயா என்று நான் கேட்பேன்.