பதினோராம் இலக்கம் போட்டுது

போன சனிக்கிழமை என் மகள் சோபாவில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, வினாகிரி சிப்ஸ் பாக்கெட் ஒன்றை வயிற்றில் நிறுத்திவைத்து, ஃபோனில் பெண்கள் கூடைப்பந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தாள் என்று சொல்வது பச்சைப் பொய். ஆட்டத்தை அல்ல, எண்களை. நியூசிலாந்துப் பெண்கள் ஏதோ ஒரு தேசத்தில் வியர்க்க வியர்க்க ஓடுகிறார்கள். இவள் பக்குரங்கா வீட்டில் படுத்தபடி, அவர்களின் பெயர்களுக்கு நேரே மாறுகிற எண்களைப் பார்த்து "யெஸ்!" என்று கத்துகிறாள்.

"ஆர் பிள்ளை இதை எழுதுறது?" என்று கேட்டேன்.

"இட்ஸ் ஆட்டோமேட்டிக், அம்மா."

ஆட்டோமேட்டிக்காம்! இந்த ஓக்லாந்தில் ஒரு காலத்தில் அந்த ஆட்டோமேட்டிக் நானும் வசந்தியும்தான். சொன்னால் நம்பமாட்டாள் என்று விட்டுவிட்டேன். ஆனால் அந்த வினாகிரி வாசம் விடவில்லை. அந்தக் காலத்துக் கூடைப்பந்து அரங்கத்துச் சிற்றுண்டிக் கடையிலிருந்து வரும் அதே வாசம். அதோடு தரைக்குப் பூசிய வார்னிஷ் வாசமும் சேர்ந்தால் எனக்கு இப்போதும் கை வியர்க்கும்.

நாங்கள் வந்த புதிதில் எங்கே வேலை கேட்டாலும் ஒரே பதில்தான், 'லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ்' இருக்கிறதா என்று. ஊரில் வங்கியில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த நான், பாபடோயிட்டோயில் வாடகைக்கு இருந்துகொண்டு, விமானச் சாப்பாடு கட்டும் சமையல்கூடத்தில் தட்டுக்குத் தட்டு பட்டர் வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து ஃபிளாட்டில் மதுரைக்காரி வசந்தி. கணக்காளர் படிப்புப் படித்துவிட்டு டெய்ரி என்று இங்கே சொல்கிற மூலைக்கடை ஒன்றில் பாலும் ரொட்டியும் விற்றாள். அவள்தான் ஒருநாள் கதவைத் தட்டி, "அக்கா, பேஸ்கட்பால் மேட்ச்ல ஸ்டாட்ஸ் எழுத ஆள் கேக்குறாங்க. சம்பளம் கிடையாது. ஆனா சிவியில போட்டுக்கலாம். வர்றீங்களா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரிந்தது பள்ளிக்கூடத்து வலைப்பந்து. அதில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடினால் விசில் ஊதுவார்கள். இங்கே எல்லோரும் பந்தோடு தலைதெறிக்க ஓடுகிறார்கள், ஒருவரும் கண்டிக்கவில்லை. முதல் வாரம் முழுக்க எனக்கு நெஞ்சிடிதான். வசந்தி கல்லூரி அணியில் ஆடியவள். பொறுமையாகச் சொல்லித் தந்தாள். பொறுமையாக என்றால், தலையில் அடித்துக்கொண்டு.

வேலை இதுதான். நான் கண், அவள் விரல். ஆட்டத்திலிருந்து கண்ணெடுக்காமல் யார் எறிந்தாள், யார் பிடித்தாள், யார் இடித்தாள் என்று நான் சொல்லச் சொல்ல, அவள் கணினியில் தட்டுவாள். ஆங்கிலத்தில்தான் சொல்ல வேண்டும். இரண்டு வாரம் சொன்னேன். பிறகு வாய் தானாகத் தமிழுக்குத் தாவிவிட்டது. அதில் ஒரு வசதி, நடுவர் பக்கத்தில் நிற்கும்போதே அவருடைய கண்பார்வையைப் பற்றி நாங்கள் தாராளமாகக் கதைக்கலாம். என்ன, நான் "நீர் தட்டும்" என்றால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். "நீர்னு சொல்லாதீங்கக்கா, ராஜா காலத்து நாடகம் மாதிரி இருக்கு" என்பாள்.

இந்த நேரத்தில்தான் மெலேயின் மகள் நாட்டு அணியில் எடுபட்டாள். மெலே என்னோடு பட்டர் வைக்கிறவள், தொங்கா தீவுக்காரி. அவள் சிரித்தால் தட்டு அதிரும். ஒரு வெளிநாட்டு அணி இங்கே ஆட வருகிறது, மகளுக்கு இதுதான் முதல் சர்வதேச ஆட்டம், மெலேக்கோ அதே மாலையில் ஷிஃப்ட். கெஞ்சிப் பார்த்தாள், மாற்றித் தரவில்லை. கடைசியில் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "நீ அங்கே இருப்பாய்தானே? ஆட்டம் முடிய அச்சடிப்பார்களே ஒரு தாள், அதில் என் பிள்ளையின் வரியை எனக்குக் கொண்டு வா." அவள் அப்படிக் கேட்டபோது சிரிக்கவில்லை.

ஆட்டம் தொடங்கியது. மெலேயின் மகள், பதினோராம் இலக்கம், பெஞ்சில் குந்தியிருக்கிறாள். குந்தியே இருக்கிறாள். எனக்கு ஆட்டமே ஓடவில்லை. கடைசிக் கட்டத்தில், இனித் தோற்க வழியில்லை என்றான பிறகு, பயிற்சியாளர் அவளை இறக்கினார். வந்தவுடன் யாரையோ இடித்து ஃபவுல் வாங்கினாள். பிறகு பந்து அவள் கைக்கு வந்தது. எறிந்தாள். அது வளையத்தைச் சுற்றுகிறது, சுற்றுகிறது, அந்தா விழப்போகுது என்று நான் எழும்பியே விட்டேன். வெளியே வழுக்கிப் போனது.

"ஐயோ, பதினொண்டு! போட்டுது!" என்று கத்தினேன்.

வசந்தி தட்டினாள்.

ஆட்டம் முடிந்து தாள் வந்ததும் மெலேயின் மகள் வரியைத்தான் முதலில் பார்த்தேன். இரண்டு புள்ளிகள்! நான் கண் சிமிட்டிய நேரத்தில் இவள் எப்போது போட்டாள் என்று யோசிப்பதற்குள், ஸ்கோர் எழுதுகிறவர் வந்து நின்றார். எங்கள் கூட்டுத்தொகை ஸ்கோர்ப் பலகையைவிட இரண்டு கூட.

"பதினொன்னு போட்டுச்சுன்னு நீங்கதானேக்கா சொன்னீங்க?"

"ஓம், போட்டுது எண்டுதான் சொன்னனான்."

"அப்புறம் என்ன? போட்டுச்சுன்னா கூடையில போட்டுச்சுன்னுதானே?"

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? போட்டுது எண்டால் போயிட்டுது! பஸ் போட்டுது எண்டு சொல்லுறேல்லையே?"

"பஸ்ஸை யாருக்கா கூடையில போடுவா?"

ஸ்கோர்காரர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பாவம், அந்த மனுஷனுக்கு இதை எந்த ஆங்கிலத்தில் விளக்குவது? வசந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும் வந்துவிட்டது. பிறகு அவள் அந்த வரிக்குப் போனாள். அழிக்கும் பட்டனில் விரலை வைத்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. அவளுக்கும் மெலேயின் கதை தெரியும்.

"நீங்களே அழிங்கக்கா. என்னால முடியல."

நான் கண், அவள் விரல் என்று சொன்னேனே. அன்று ஒரு தடவை நானே விரலானேன். பிள்ளையின் இரண்டு புள்ளிகளையும் நானே அழித்தேன். அங்கே ஒரு பூச்சியம் வந்து குந்திக்கொண்டது.

மறுநாள் தேநீர் இடைவேளையில் அந்தத் தாளை நீட்டும்போது, பிணச்செய்தி கொண்டுபோகிறவள்போல இருந்தது எனக்கு. 'கிட்டத்தட்ட விழுந்தது' என்று முன்கூட்டியே இழுக்கத் தொடங்கினேன். மெலே கையைக் காட்டி என்னை அடக்கினாள். பட்டர் பட்ட விரலை ஏப்ரனில் துடைத்துவிட்டு, மகளின் வரியில் மெல்ல நகர்த்தினாள். பூச்சியம். பூச்சியம். பூச்சியம். நான் நிலத்தைப் பார்த்தேன். விரல் ஓரிடத்தில் நின்றது.

"ஃபவுல் ஒன்று!" என்று கூவினாள். "இடித்திருக்கிறாள்! இந்த நாட்டு உடுப்பைப் போட்டுக்கொண்டு என் மகள் யாரையோ இடித்திருக்கிறாள்!"

தட்டு அதிர்ந்தது. அடுத்த நிமிடம் அந்தத் தாள் ஓய்வறைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஏறிவிட்டது. பால் எடுக்க வந்த எல்லோருக்கும் அந்த ஒன்றைக் காட்டினாள். நானும் வசந்தியும்தான் அந்தப் பூச்சியத்துக்காக இரவு சரியாகச் சாப்பிடாமல் கிடந்த மடைச்சிகள்.

இப்போது தாள் அச்சடிப்பதில்லை. அந்தச் சமையல்கூடம் கார் வாடகைக் கடையாகிவிட்டது. மெலே ஓய்வு பெற்று தொங்காவுக்கே போய்விட்டாள். வசந்தி நல்ல வேலை கிடைத்து பேர்த் நகரத்துக்குப் போனாள். விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, எங்கள் ஊர்க்காரிபோலவே ராகம் இழுத்து, "போட்டு வாறன் அக்கா" என்றாள். 'வாறன்' என்பதை நம்பித்தான் கையைக் காட்டினேன். முதலில் ஞாயிறுதோறும் அழைப்பு வந்தது. பிறகு தீபாவளிக்குத் தீபாவளி. இப்போது விடிந்தால் பூப்படத்தோடு ஒரு காலை வணக்கம். அதுதான் உண்மையான ஆட்டோமேட்டிக்.

சோபாவில் மகள் "ஓ நோ" என்று முனகினாள். எட்டிப் பார்த்தேன். யாரோ ஒருத்தியின் எறிதல் தவறிவிட்டது.

"போட்டுது" என்றேன் என்னையறியாமல்.

"நோ அம்மா, ஷீ மிஸ்ட்" என்றாள், ஃபோனிலிருந்து கண்ணெடுக்காமல்.

அதைத்தானே நானும் சொன்னேன். இந்தச் சொல்லுக்காக என்னோடு மல்லுக்கட்ட இந்த ஊரில் ஒருத்தி இருந்தாள். அவளும் போட்டாள்.